கையில் கொடுக்காத மிளகாய்

கல் குவாரி மேஸ்திரி மணவாளன் மரக்கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்பால் தட்டினால் கூழுக்கு நேரமாயிற்று என்று அர்த்தம். சுத்தியல் சத்தம் நிற்கும். கல் தூசி அடங்குவதற்குள் ஊர்ப் பெண்கள் புங்க மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்ததும் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். பூவம்மாள் முறத்தை எடுக்கிறாளா இல்லையா?

எடுப்பாள். துணி மூட்டையை அவிழ்த்துப் பச்சை மிளகாயை முறத்தில் கொட்டி வட்டத்தின் நடுவில் தரையில் வைப்பாள். வைத்துவிட்டு அவள் கையை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். உப்பையும் மிளகாயையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவளுக்கும் வாங்கினவளுக்கும் சண்டை வரும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நடக்கத் தெரிவது மாதிரி தெரிந்து வைத்திருந்தார்கள்.

"இன்னாடி பூவு, இன்னிக்கி கொறச்சலா கீது?" என்பாள் எல்லம்மாள். பூவம்மாள் புருஷனின் அண்ணன் பெண்டாட்டி அவள். பக்கத்துக் குடிசை. எதைப் பேசினாலும் ஒரு குறையில்தான் ஆரம்பிப்பாள்.

"செடி இன்னா மிஷினா அக்கா? காய்ச்சாதான பறிக்கிறது."

"ஒண்ணு கடிச்சா ஒரு சட்டி கூழு எறங்குதுடி. உங்க நைனா எங்கேருந்து புடிச்சாரோ இந்த வெதய, நாக்குல வெடி வச்சாப்பல கீது."

சொல்லிக்கொண்டே இன்னொன்றை எடுத்துக்கொள்வாள்.

அப்போது உலகச் சண்டைக் காலம். கண்ட்ரோல் கடையில் புழுத்த கேழ்வரகு கிடைத்தது, அதுவும் வெயிலில் நின்றால். மிளகாய் பெயருக்குக்கூட இல்லை. வற்றல் எல்லாம் மூட்டை மூட்டையாக மிலிட்டரிக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். வெறும் உப்பைத் தொட்டுக்கொண்டு புழுத்த மாவுக் கூழை எத்தனை நாள் குடிப்பது? தொண்டை அடைக்கும். பூவம்மாளின் செடிகள் அந்தக் குவாரியையே சாப்பிட வைத்தன என்று சொன்னால் அது பெரிய பேச்சில்லை.

விதை அவள் தாய்வீட்டு விதை. நகரிக்கு அந்தப் பக்கம், தெலுங்குச் சீமையில். கல்யாணமாகித் திருத்தணிக்கு வரும்போது அவள் நைனா வேறொன்றும் கொடுக்க வக்கில்லாமல் ஒரு பிடி வற்றலைத் துணியில் முடிந்து கொடுத்தார். அதைத்தான் குடிசையின் பின்பக்கம் விதைத்து, நாற்றுப் பிடுங்கி நட்டு, ஆடு வாய் வைக்காமல் இலந்தை முள் போட்டு அடைத்து வைத்திருந்தாள். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர், எதுவும் வீணாகாது. இலை சுருண்டால் விடியற்காலையில் பனியோடு சாம்பலைத் தூவுவாள். ஆட்டுப் புழுக்கையை நசுக்கித் தூரில் போடுவாள். குவாரியில் கூலிக்கு உடைக்கும் கல்லை அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தச் செடிகளை மட்டும் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பாள்.

அவள் புருஷன் ராஜவேலு ஊரில் இல்லை. மிலிட்டரிக்கு ரோடு போட ஆள் பிடித்தபோது அஸ்ஸாமுக்கு ரயிலேறிப் போனவன். போகும்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை. பிள்ளை பிறந்து தணிகாசலம் என்று பேர் வைத்த கையோடு அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது மார் வற்றிப் போயிருந்தது. முருங்கைக்கீரை தின்றாள், பூண்டு தின்றாள், யாரோ சொன்னார்கள் என்று ஏதேதோ வேரை அரைத்துக் குடித்தாள். ஒரு சொட்டு வரவில்லை. கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து ஊற்றினாள். குழந்தை குடித்ததெல்லாம் வயிற்றாலும் வாயாலும் வெளியே வந்தது.

பங்குனி வெயிலில், புங்க மரத்துத் தூளியில் கிடந்து அது கத்தின கத்தலில், எதிரே ஒதிய மரத்தடியிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள்.

ஒதிய மரத்தடி சேரிப் பெண்களுக்கும், ஏசுவைக் கும்பிடும் வேதக்காரப் பெண்களுக்கும். புங்க மரத்தடி ஊருக்கு. நடுவில் ஜல்லிக் குவியல். யாரும் கோடு கிழிக்கவில்லை, கோடு இருந்தது. அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு வந்தவள் தேவசுந்தரி. ரயில்வே கேங்கில் வேலை செய்யும் ஜோசப்பின் பெண்டாட்டி. அவளுக்கும் கைக்குழந்தை, ஜெயகுமாரி. வந்தவள் யாரையும் கேட்கவில்லை. தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள், ரவிக்கையை அவிழ்த்தாள். கத்தல் பட்டென்று நின்றது.

குழந்தை விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பூவம்மாள் கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடு என்று சொல்லவும் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. தேவசுந்தரி வருவாள், எடுத்துக்கொண்டு போவாள், பசியாற்றிக் கொண்டுவந்து தூளியில் போடுவாள். எல்லம்மாள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"பசிக்குப் பாவம் இல்லடி. குவாரியில நடக்கிறது குவாரியோட போவட்டும். வூட்டு வரைக்கும் கொண்டாராத."

குழந்தை தேறியது. கன்னத்தில் சதை வந்தது. பூவம்மாள் தினமும் கொஞ்சம் மிளகாயை இலையில் சுருட்டி ஜல்லிக் குவியல் மேல் வைத்துவிட்டு வருவாள். தேவசுந்தரி போகிறபோது எடுத்துக்கொண்டு போவாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"யக்கா, நாளைக்கி உன் புள்ளைக்கு பாலு காரமா இருந்திச்சின்னா என்னை கேக்கக் கூடாது."

"உன் வாயிவிடவா காரம்?"

"ஆங், அத சொல்லு. ஜோசப்பு அதான் தண்டவாளமே கதின்னு கெடக்குது, வூட்டுக்கு வர்றதே இல்ல."

முதலில் 'ஏம்மா' என்று கூப்பிட்டவள் எப்போது அக்காவுக்கு மாறினாள் என்று பூவம்மாளுக்கே தெரியாது. பிடித்திருந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்குக் குவாரி கிடையாது. விடிவதற்குள் காவடிக் கூட்டம் மலைப்படி முழுக்க ஏறிக்கொண்டிருந்தது, பம்பைச் சத்தம் குடிசை வரை கேட்டது. ஆடியில் பெய்த மழைக்குச் செடிகள் வெறி பிடித்த மாதிரி காய்த்திருந்தன. பூவம்மாள் காலையிலிருந்து பறித்தாள். தெருவுக்கே கொடுக்கலாம் என்றிருந்தது அவளுக்கு. கொடுக்கிற இடத்தில் நிற்பது யாருக்குத்தான் கசக்கும்? எல்லம்மாளும் தெருப் பெண்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து காம்பு பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

படலுக்கு வெளியே குரல் கேட்டது. "யக்கா, புள்ள பசியா கீறானா?"

தேவசுந்தரி நின்றிருந்தாள். தலை வாரி, வெள்ளைச் சேலை கட்டி, இடுப்பில் குழந்தை இல்லாமல் தனியாக.

"லீவுன்னா அவன் வவுத்துக்கும் லீவா? எனக்கும் பாலு கட்டிக்கினு வலிக்குது, அதான் வந்துட்டேன்."

பூவம்மாளுக்குச் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. எல்லம்மாள் பக்கம் பார்க்காமல் படலைத் திறந்தாள். தேவசுந்தரி உள்ளே வந்து துவைக்கிற கல்லின் ஓரமாக உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். செடிகளைப் பார்த்தாள்.

"இதுங்கதானா அந்த ராட்சசிங்க? ஆளு பாத்தா அரையடி இல்ல. இன்னா ஆட்டம் ஆடுதுங்க."

பூவம்மாள் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. எல்லம்மாள், "எங்க பங்க குடுத்துட்டீன்னா போயிடுவோம்டி, மலைக்குப் போவணும்" என்றாள்.

பூவம்மாள் முறத்தில் அள்ளிப் போட்டு எல்லம்மாள் முன்னால் தரையில் வைத்தாள். அவள் முந்தானையில் வாரிக்கொண்டாள். மறுபடி நிரப்பி மற்ற இருவருக்கும் வைத்தாள். அவர்களும் வாரிக்கொண்டார்கள்.

"எனக்கு இல்லியா?" என்றாள் தேவசுந்தரி. ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி இன்னொரு கையை விரித்து நீட்டினாள். சிரித்துக்கொண்டுதான் நீட்டினாள். குழந்தை மாரில் இருக்கும்போது எழுந்து குனிந்து எடுக்க முடியாதே.

பூவம்மாள் ஒரு பிடி அள்ளினாள். நீட்டிய கையைப் பார்த்தாள். கைக்குக் கை கூடாது. அவள் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பிடி மிளகாயைத் துவைக்கிற கல்லின் மேல் கொட்டினாள். துணி துவைத்த சாம்பல் தண்ணீர் காயாத கல்.

நீட்டின கை அப்படியே நின்றது. எல்லம்மாள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

தேவசுந்தரி குழந்தை குடித்து முடிக்கிற வரை காத்திருந்தாள். ஏப்பம் வர முதுகைத் தட்டினாள். ரவிக்கையை முடிந்துகொண்டு எழுந்தாள். பூவம்மாள் வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள்.

தேவசுந்தரி குனிந்து, குழந்தையை ஈரக் கல்லின் மேல், மிளகாய்க்குப் பக்கத்தில் கிடத்தினாள்.

"கையில குடுத்தா சண்ட வரும்மா. கீழ வச்சிட்டேன். எடுத்துக்கோங்க."

படலைத் தாண்டிப் போய்விட்டாள். மிளகாயைத் தொடவில்லை.

கல்லின் சில்லிப்பு பட்டுக் குழந்தை வீரிட்டது. பூவம்மாள் பாய்ந்து எடுத்தாள். காலையிலிருந்து மிளகாய் பறித்த கை. கன்னத்தில் பட்ட இடம் சிவந்தது, அது இன்னும் கத்தியது. எல்லம்மாள்தான் விளக்கெண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

"பாத்தியா திமிர? பச்சப் புள்ளைய கல்லு மேல போட்டுட்டுப் போறா. நான் அன்னிக்கே சொன்னேன், வூட்டு வரைக்கும் கொண்டாராதன்னு."

"நான் இன்னாக்கா பண்ணேன்? யாருக்குத்தான் மொளகாய கையில குடுக்கிறோம்?"

"அத்த அவகிட்டப் போயி சொல்லு. வேதக்காரங்களுக்கு சாஸ்திரம் இன்னா தெரியும்."

மறுநாள் கூழ் நேரத்தில் தேவசுந்தரி எழுந்து வரவில்லை. குழந்தை தூளியில் கத்தியது. ஒதிய மரத்தடியில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. எல்லம்மாள் யாரிடமோ சொல்லி ஆட்டுப் பால் வாங்கி வந்தாள், தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினாள். இதையும் சொல்லத்தான் வேண்டும், எல்லம்மாள் கெட்டவள் இல்லை. தன் இடுப்பில் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலம் முழுக்கக் குழந்தையோடு நடந்தவள் அவள்தான். ஆனால் பால் தங்கவில்லை. இரவெல்லாம் வயிற்றால் போயிற்று. விடிந்தபோது குழந்தை கண் உள்ளே போயிருந்தது.

அன்றும் பூவம்மாள் தூக்கிக்கொண்டு குவாரிக்குப் போனாள். போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை உட்கார வைத்துவிடுவான். தண்டவாளத் துண்டு அடித்ததும் குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டு எழுந்தாள். ஜல்லிக் குவியலைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதில்லை. இரண்டு மரத்தடியும் பார்த்துக்கொண்டிருந்தன.

"தேவு."

"சொல்லுங்கம்மா."

அக்கா போய்விட்டது.

"மொளகாய கைக்குக் கை குடுக்கிறதில்லடி. உனக்குன்னு இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான். எங்க அக்காவுக்குக்கூட கீழதான வச்சேன்? நீயே பாத்துகினுதான இருந்தே."

"பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்புறம் இன்னா?"

தேவசுந்தரி சட்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லம்மாவுக்கு முறத்தோட வச்சீங்க. அந்தம்மாங்க ரெண்டு பேருக்கும் முறத்தோட வச்சீங்க. எனக்கு ஏன் முறத்த இஸ்துகினீங்க?"

பூவம்மாள் புங்க மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க. எனக்கு எதுக்கு அழுக்குத் துணி தொவைக்கிற கல்லு? உங்க புள்ள வாயி என் மாருல கீது. என் கை மட்டும் உங்க முறத்துல படக் கூடாதா?"

பூவம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். உண்மைதான். இழுத்தது இந்தக் கைதான். அப்போது அவள் எதையும் நினைக்கவில்லை. கைக்குக் கை கூடாது என்று மட்டும்தான் நினைத்தாள், சத்தியம். ஆனால் முறத்தை இழுத்துக்கொள்ள நினைப்பே தேவைப்படவில்லை. கொசு வந்தால் அடிக்கிற மாதிரி அது தானாக நடந்தது. ஜல்லிக் குவியலில் தினமும் வைத்த இலைச் சுருட்டுகள் ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தன. அங்கேயும் ஒருநாள்கூட அவள் முறத்தைக் கொண்டுபோனதில்லை.

அந்த நேரம் தூளியில் குழந்தை அழுதது. பழைய கத்தல் இல்லை, கீச்சுக் குரல். தேவசுந்தரியின் ரவிக்கை முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைவதைப் பூவம்மாள் பார்த்தாள். தேவசுந்தரி சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நீங்க ஒருநாளும் கேட்டதில்லம்மா" என்றாள் மெதுவாக. "நானா வந்து எடுத்தேன், நானா குடுத்தேன். கேட்டா உங்களுக்குக் கொறஞ்சி பூடும். அதான."

கேட்டிருக்கலாம். இரண்டு சொல். பின்னால் புங்க மரத்தடியில் எல்லம்மாள் செருமுவது கேட்டது. பூவம்மாள் திரும்பி நடந்துவிட்டாள். தன் பிள்ளையின் உயிர் அந்த ரவிக்கைக்குள் இருக்கிறது என்று தெரிந்தும் நடந்தாள்.

"ஏய், மொளகாய்ச் சண்டைய வூட்டுல வச்சிக்கோங்க, கல்லு கெடக்குது" என்று மேஸ்திரி மணவாளன் கத்தினான்.

மறுநாள் காலையில் குழந்தை அழவில்லை. அதுதான் அவளை எழுப்பியது. தொட்டுப் பார்த்தாள், உடம்பில் சூடு இருந்தது. உச்சிக்குழி பள்ளமாக விழுந்திருந்தது. வாயில் சுண்டுவிரலை வைத்தால் சப்பவில்லை.

அவள் சாம்பலும் எண்ணெயும் போட்டு முழங்கை வரை கை கழுவினாள். காந்தல் போகிற வரை தேய்த்தாள். நேற்றுச் சாயங்காலம் பறித்த மிளகாய் முறத்தில் இருந்தது. குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, முறத்தை மறுபக்க இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கிணற்றடியில் குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லம்மாள் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"காலங்காத்தால முறத்த எங்கடி எடுத்துகினு போற?"

"தேவசுந்தரி வூட்டுக்கு."

கயிறு நின்றது.

"புள்ளைய தூக்கினு போ. குவாரியில வச்சி கேளு. நான் வேணான்னு சொல்லல. முறம் எதுக்கு?"

"முறத்தாலதான சண்ட."

"பூவு, யோசன பண்ணு. ராஜவேலு திரும்பி வந்தா நான் இன்னா பதில் சொல்றது?"

"புள்ள எங்கன்னு கேட்டா இன்னா பதில் சொல்லுவே?"

எல்லம்மாள் முகம் சுருங்கியது. அவளுக்கும் அந்தக் குழந்தை மேல் பாசம் உண்டு. ஆனால் சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்கும்படி ஒன்று சொல்லியாக வேண்டும்.

"போ. போனா அந்த முறம் அங்கியே கெடக்கட்டும். இந்தக் கெணத்துல நீயும் கொடம் எறக்காத."

பூவம்மாள் போனாள்.

ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். கேட்டுக்குப் போவதற்குள் அரக்கோணத்துப் பக்கமிருந்து மிலிட்டரி வண்டி வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகச் சாக்குப் போட்டு மூடின பீரங்கிகள், திறந்த கதவுகளில் காலைத் தொங்கவிட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஒருவன் அவளைப் பார்த்து விசிலடித்தான். பூமி அதிர்ந்தது. தோளில் கிடந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குக்கூடக் கண் திறக்கவில்லை. "சீக்கிரம் போய்த்தொலை, சீக்கிரம் போய்த்தொலை" என்று அவள் ரயிலைத் திட்டினாள். அதற்கு என்ன அவசரம், அது பாட்டுக்குப் போயிற்று.

பாதைக்கு அப்பால் வேதக்கோயில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஜோசப்பின் வீடு. வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தவன் அவளைப் பார்த்ததும் பின்னால் இரண்டடி நகர்ந்து வழிவிட்டான். தன் வீட்டு வாசலிலேயே.

"ஏ தேவு! ஊர்லேருந்து யாரோ வந்துகீறாங்க பாரு."

தேவசுந்தரி வெளியே வந்தாள். பூவம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தாள்.

"கேக்க வந்தேன்" என்றாள் பூவம்மாள். "பாலு குடுடி. எம் புள்ள செத்துடும்."

தேவசுந்தரி குழந்தையைப் பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். வாசல்படியிலேயே உட்கார்ந்து மாரில் வைத்தாள். குழந்தை சப்பவில்லை. "ஐயோ ஏசப்பா" என்றாள். பீய்ச்சி உதட்டில் விட்டாள். பால் கடைவாயில் வழிந்தது. கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள், மறுபடி பீய்ச்சினாள்.

பூவம்மாள் முறத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எதிரே நின்றாள்.

"அத்த கீழ வைங்கம்மா."

"மாட்டேன். கையில வாங்கு."

"சண்ட வரும்."

"அதான் வந்துடிச்சே."

"எனக்குக் கை காலியா இல்ல."

"காலியாவட்டும். நிக்கிறேன்."

நின்றாள். ஜோசப் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் கையில் தராமல் அவள் காலுக்கு எட்டின மாதிரி தரையில் வைத்துவிட்டு ஒதுங்கினான். பிறந்ததிலிருந்து ஊர்க்காரர்களுக்கு அப்படித்தான் வைத்துப் பழக்கம் அவனுக்கு. பூவம்மாள் அந்தச் சொம்பைப் பார்த்தாள். தாகமாகத்தான் இருந்தது. முறத்தைப் பிடித்திருப்பதால் எடுக்க முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தேவசுந்தரியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து ஜெயகுமாரி தவழ்ந்து வந்து பூவம்மாளின் கால் விரலைப் பிடித்து இழுத்தது. வெயில் ஏறியது. ஒரு சமயத்தில் தேவசுந்தரியின் தோள் லேசாகத் தளர்ந்தது. குனிந்து பார்த்தாள்.

"சப்புறான்" என்றாள்.

அப்புறம் விழுங்குகிற சத்தம் பூவம்மாளுக்கும் கேட்டது. அவள் சட்டென்று முன்னால் குனிந்ததில் முறத்திலிருந்து இரண்டு மிளகாய் கீழே விழுந்தன. ஜெயகுமாரி எடுக்கப் போனது, ஜோசப் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

குழந்தை குடித்தபடியே தூங்கியது. தேவசுந்தரி அதை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். முறத்தின் விளிம்பைப் பிடித்தாள். ஒரு நொடி இரண்டு பேர் கையும் ஒரே முறத்தில் இருந்தன. பூவம்மாள் விட்டாள்.

அவள் குனிந்து சொம்பை எடுத்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தூக்கினவள், நிறுத்தி, வாய் வைத்துக் குடித்தாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

"குடிக்கிறதுக்கு இவ்ளோ நேரமா" என்றாள் தேவசுந்தரி. அதில் சிரிப்பு இல்லை. "நாளையிலேருந்து குவாரியில நான் வந்து தூக்க மாட்டேன். நீங்கதான் கொண்டாரணும். எல்லாரும் பாக்கக் கொண்டாரணும்."

"கொண்டாரேன்."

"ரெண்டு நாளைக்கி வேற ஒண்ணும் வாயில ஊத்தாதீங்கம்மா."

நீங்கதான், ஊத்தாதீங்கம்மா. அக்கா வரவில்லை. இனிமேல் வருமா என்று கேட்கிற தைரியம் பூவம்மாளுக்கு இல்லை.

தெருவில் ஒருவரும் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. கிணற்றில் அவள் குடத்தைக் கண்டால் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். குவாரிப் பள்ளத்தில் தேங்கின மழைத் தண்ணீரைத் தலையில் சுமந்து வந்து செடிகளுக்கு ஊற்றினாள். காய்ச்சிக் குடித்ததும் அதைத்தான். எல்லம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குழந்தையை மட்டும் பார்ப்பாள். "தேறிட்டானா?" என்பாள் செடியைப் பார்த்துக்கொண்டே. "ஆங்" என்பாள் பூவம்மாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லாத காய்கள் செடியிலேயே பழுத்துச் சிவந்து தொங்கின. தெருவில் எல்லார் வீட்டிலும் வெறும் உப்புக் கூழ்தான், அது அவளுக்குத் தெரியும். வேலிக்கு மேல் கையை நீட்டினால் எட்டும். ஒரு கை நீளவில்லை.

குவாரியில் கூழ் நேரத்துக்குத் தண்டவாளத் துண்டு அடித்தது. பூவம்மாள் துணி மூட்டையை அவிழ்த்துப் புங்க மரத்தடியில் விரித்து வைத்தாள். கையை எடுத்தாள். பெண்கள் தங்கள் சட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லம்மாள் ஒருமுறை பார்த்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு, உப்பைத் தொட்டாள்.

தூளியில் குழந்தை அழத் தொடங்கியது. இப்போது நல்ல கத்தல், குவாரிக் குழி முழுக்க எதிரொலித்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு, மறு கையில் துணியோடு மிளகாயை அள்ளிக்கொண்டு ஜல்லிக் குவியலைச் சுற்றி நடந்தாள். ஒதிய மரத்தடியில், அவள் தேவசுந்தரி கையில் கொடுத்த அந்த முறம் தரையில் இருந்தது. அதில் கொட்டினாள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் எடுத்தார்கள், பாதிப் பேர் எடுக்கவில்லை. தேவசுந்தரி கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

பூவம்மாள் அங்கே உட்காரவில்லை. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. திரும்பி வந்து இரண்டு மரத்துக்கும் நடுவில், குவியலின் ஓரத்தில், நிழலில்லாத இடத்தில் சட்டியைத் திறந்தாள். மடியில் மிச்சமிருந்த ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தாள். பழுத்த காய், காரம் நெற்றிப்பொட்டு வரை ஏறிக் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்தால் கண் எரியும். துடைக்காமல் அடுத்த வாய்க் கூழைக் குடித்தாள்.

பின்னால் கத்தல் நின்றிருந்தது.